நான்கு சக்கரங்கள் கொண்ட அறை

டர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நின்றது. மறுபடியும் டர்ர்ர்ர். அதன் பின்னாலேயே புஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு.

அலுவலகத்தில் எல்லாரும் பேனாவை நிறுத்தினார்கள். தண்ணீர் மோட்டார் வாயைப் பிளந்துவிட்டது என்றார் ஒருவர். மேல்மாடியில் தரைக்கு ஓட்டை போடுகிறார்கள் என்றார் இன்னொருவர். யாரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அதற்கு ஒரு குறிப்பு எழுத வேண்டியிருக்கும்.

ஓட்டுநருக்கு மட்டும் அது என்ன சத்தம் என்று உடனே தெரிந்துவிட்டது. பசியோடு இருப்பவனுக்கு அடுத்த வீட்டில் அடுப்பு எரிவது தெரிகிற மாதிரி. டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வண்டிக் கொட்டகைக்குப் போனார்.

அங்கே மேலதிகாரி தன் புது வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே பளபளவென்று ஒரு காற்றடிக்கும் கம்ப்ரஸர். அதிலிருந்து சிவப்பு நிறத்தில் சுருள்சுருளாக ஒரு ஹோஸ். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, துறையின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர், பின்சீட்டில் சிந்திக்கிடந்த பிஸ்கட் துகள்களை மிகுந்த கவனத்தோடு ஊதிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் அதிகாரிகளிடையே உயரமான வண்டி வாங்கும் மோகம் காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. கூரைமேல் மடக்குக் கூடாரம். பக்கவாட்டில் மண்வெட்டி. கழுத்தளவு வெள்ளத்தில் இறங்கினாலும் என்ஜின் மூச்சுவிட ஒரு கறுப்புக் குழாய். இத்தனையும் பூட்டிக்கொண்டு அந்த வண்டிகள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து பிள்ளைகளின் பாட்டு வகுப்புக்கும் போய்வந்தன. வேகத்தடைதான் அவை ஏறிய மலை. கார் கழுவுகிற தண்ணீர்தான் அவை கண்ட வெள்ளம்.

அந்தக் கொட்டகையில் மணலை நேருக்கு நேர் பார்த்த வண்டி ஒன்றே ஒன்றுதான். துறையின் பழைய ஜீப். அதில் கம்ப்ரஸர் இல்லை.

ஜீப்புக்கு வேலை செவ்வாய்க்கிழமைகளில். நர்ஸம்மாவையும் தடுப்பூசிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்புக்குப் போக வேண்டும். தார் ரோடு முடிந்ததும் பன்னிரண்டு கிலோமீட்டர் மணல். அதில் டயர் காற்றைப் பாதிக்குப் பாதி இறக்கினால்தான் சக்கரம் புதையாமல் போகும். மணல் முடிந்ததும் எட்டு கிலோமீட்டர் கூர்க்கல். அதில் காற்றை மறுபடி முழுசாக ஏற்றினால்தான் டயர் கிழியாமல் போகும். ஆக, பாதி வழியில், தலைக்கு மேல் வெயில் நிற்க, ஓட்டுநர் கால் பம்பை வைத்து மிதிப்பார். ஒரு டயருக்குக் கால் மணி. நாலு டயருக்கு ஒரு மணி. பெட்டியின் மூடி ஒழுங்காகப் பொருந்தாது. அந்த ஒரு மணியில் உள்ளே இருக்கிற ஐஸ் உருகி, வெப்பமானி எட்டு டிகிரியைத் தாண்டிவிட்டால் மருந்து அத்தனையும் குப்பைக்கு.

போன செவ்வாய் எட்டைத் தாண்டிவிட்டது. பதினோரு குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு வந்து, ஊசி போடாமலே திரும்பிப் போனார்கள். குழந்தைகளுக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அவர்களுடைய இரண்டாம் தவணைக்கு வருகிற செவ்வாய்தான் கடைசி நாள். அதையும் விட்டால், துறையின் விதிப்படி முதல் ஊசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுவரைக்கும் நோய் காத்திருக்குமா என்பதை யாரும் நோயிடம் கேட்டுச் சொல்லவில்லை.

"அண்ணே, உங்க முட்டியும் என் மருந்தும் ஒண்ணாக் கெட்டுப் போயிட்டு இருக்கு" என்றார் நர்ஸம்மா. "நமக்கும் ஒரு கம்ப்ரஸர் வேணும்னு எழுதிக் கேளுங்க."

"எழுதினா நடக்குமா சிஸ்டர்?"

"புதுப் பெட்டி கேட்டு நான் எழுதி மூணு வருஷமாச்சு. நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. இன்னும் வந்து சேரலை, அவ்வளவுதான்."

ஓட்டுநர் எழுதினார். மனு, பிரிவு எழுத்தரின் மேஜைக்குப் போனது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் 'உட்பிரிவு'தான். விதி எண்ணையும் உட்பிரிவையும் சொல்லாமல் அவர் தும்மியதுகூட இல்லை என்பார்கள்.

"காத்து எதுக்கு?" என்றார் உட்பிரிவு.

"டயருக்கு சார்."

"டயர்ல ஏற்கெனவே இருக்கே?"

"அதை இறக்கிடுவேன் சார்."

"இருக்கிற காத்தை நீங்களே இறக்கிட்டு, காத்து இல்லைன்னு எங்ககிட்ட வந்து கேக்கறீங்க. யார் சொல்லி இறக்குறீங்க?"

"மணல் சார்."

"மணல் உங்களுக்கு மேலதிகாரியா?"

"அங்க போனா அப்படித்தான் சார்."

இந்த மனு இதோடு முடிந்தது என்றுதான் ஓட்டுநர் நினைத்தார். நடந்தது வேறு. மேலதிகாரிக்குக் கம்ப்ரஸர் என்ற சொல்லைக் கண்டதுமே முகம் மலர்ந்துவிட்டது. மூன்றே நாளில் ஒப்புதல் வந்தது. 'பொதுமக்கள் நலன் கருதி, துரிதமாக நிறுவுக' என்று எழுதி, ஓரத்தில் கைப்பட ஒரு வரியும் சேர்த்திருந்தார்: 'ஹோஸ் சிவப்பாக இருத்தல் நலம்.'

சனிக்கிழமை ஓட்டுநரின் மைத்துனனுடைய பட்டறையில் ஜீப் நின்றது. மைத்துனன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே பேசுகிறவன். அவன் முகத்தைவிடக் குரல்தான் வாடிக்கையாளர்களுக்குப் பழக்கம்.

"மாமா, அக்கா சொல்லுச்சு. தூக்கத்துலகூட வலது காலால எதையோ மிதிக்கிறீங்களாமே?"

"உங்க அக்கா வாயை முதல்ல அடை. என்ஜின் சூடு படாத இடமாப் பாரு."

"பேட்டரிக்குப் பக்கத்துல வெக்கிறேன். மணல் காத்து உள்ள போகாம ஃபில்டரை மேலே தூக்கி மாட்டிடலாம்."

இரும்புப் பட்டையை வளைத்து ஒரு பிராக்கெட் செய்தான். நாலு போல்ட்டில் கம்ப்ரஸரை இறுக்கினான். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் ஃபியூஸும் ரிலேவும் வைத்து, டாஷ்போர்டில் ஒரு சுவிட்சைப் பதித்தான். ஹோஸ் சிவப்புதான். ஓட்டுநர் முன்சக்கரத்தில் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு, ஹோஸை மாட்டி, சுவிட்சைத் தட்டினார். டர்ர்ர்ர். மூன்று நிமிஷம். கேஜ் முள் முப்பத்தைந்தில் போய் நின்றது.

ஓட்டுநர் தன் வலது காலைக் கீழே குனிந்து பார்த்தார். அதை யாரோ பணி ஓய்வு கொடுத்து அனுப்பி வைத்த மாதிரி இருந்தது.

"மாமா, கண்ணு கலங்குது."

"தூசிடா."

திங்கட்கிழமை காலை உட்பிரிவு கொட்டகைக்கு வந்தார். ஒரு கையில் அளவுநாடா. இன்னொரு கையில் தடித்த புத்தகம்: 'காற்றழுத்த இயந்திரங்கள், நிறுவுதலும் பேணுதலும்.' பெரிய ஆலைகளுக்காக எப்போதோ எழுதப்பட்டது. அலமாரியில் இத்தனை காலம் யாரும் தொடாமல் இருந்ததால் நல்ல நிலையில் இருந்தது.

"இயந்திரம் எங்க நிறுவப்பட்டிருக்கு?"

"ஜீப்புக்குள்ள சார்."

"விதி நாலு, உட்பிரிவு இ. 'இயந்திரம் நிறுவப்பட்ட இடம், இயந்திர அறை எனக் கொள்ளப்படும்.' ஆக, இது என்ன?"

"ஜீப்பு சார்."

"அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க."

ஓட்டுநர் யோசித்தார். யோசித்த பிறகும் அது ஜீப்பாகவே இருந்தது.

"இது அறை" என்றார் உட்பிரிவு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "பயப்படாதீங்க. அறைக்கான தகுதி இருக்கான்னுதான் பார்க்க வந்தேன். கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். திறக்குது. ஜன்னல் ரெண்டாவது இருக்கணும். ஆறு இருக்கு. காற்றோட்டம்..." பின்பக்கக் கித்தானில் இருந்த கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "தாராளம். உண்மையைச் சொன்னா, நம்ம அலுவலகத்துல இருக்கிற பதிமூணு அறையில ஒண்ணுகூட இவ்வளவு விதிப்படி இல்ல."

ஓட்டுநருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ஒரே ஒரு சிக்கல். விதி ஒன்பது. அறைக்குப் பத்தடிக்குள்ள எந்த வாகனமும் நிக்கக் கூடாது." உட்பிரிவு அளவுநாடாவை ஜீப்பின் கதவில் வைத்து, ஜீப்பின் சக்கரம்வரை இழுத்தார். முகம் வாடியது. "ரெண்டடிகூட இல்லையே."

இரண்டு பேரும் ஜீப்பைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்கள். எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் ஜீப் ஜீப்புக்கு மிக அருகிலேயே நின்றது.

பத்து நிமிஷம் கழித்து உட்பிரிவுக்குப் பளிச்சென்று வழி புலப்பட்டது. இது அறை. அறை வாகனமாக இருக்க முடியாது. ஆகவே இங்கே வாகனமே இல்லை. ஆகவே விதிமீறலும் இல்லை. இவ்வளவு எளிய விஷயத்துக்கா இவ்வளவு நேரம் என்று அவரே சிரித்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் வேலை மளமளவென்று நடந்தது. வாகனம் இல்லை என்று ஆகிவிட்டதால் நம்பர் பலகையைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் 'அறை எண் 14 அ' என்று பலகை ஏறியது. அறைக்கு அசையாத அடித்தளம் வேண்டும் என்பதற்காக நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் செங்கல் வைத்தார்கள். தீ பிடித்தால் அணைக்க நாலு வாளி மணல் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக மணலிலிருந்து தப்பித்துத் தப்பித்து வந்த ஜீப்புக்கு மணலை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அறைக்கு ஓட்டுநர் இருக்க முடியாது. ஆகவே அவர் 'அறைப் பொறுப்பாளர்' ஆனார். ஒரு நாற்காலி கொடுத்தார்கள். கை வைத்தது, முதுகுக்கு மெத்தை போட்டது. அந்த அலுவலகத்தில் அவருக்கென்று யாரும் நாற்காலி கொடுத்ததே இல்லை. நாளை செவ்வாய்க்கிழமை என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. இருந்தாலும் அரை மணி நேரம், சத்தியமாக அரை மணி நேரம் மட்டும், அவர் அதில் சாய்ந்து உட்கார்ந்து சுகமாக இருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நர்ஸம்மா பெட்டியோடு வந்தார். வெப்பமானி ஐந்தில் இருந்தது.

"அண்ணே, கிளம்பலாமா?" என்று ஜீப்பின் கதவில் கையை வைத்தார்.

"சிஸ்டர், உள்ள வர அனுமதிச் சீட்டு வேணும்."

சொன்ன பிறகுதான் சொன்னது யார் என்று ஓட்டுநருக்கு உறைத்தது. நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து நின்றார். முதுகு மெத்தை கீழே விழுந்தது. நர்ஸம்மா பலகையைப் படித்தார், செங்கலைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், கடைசியில் ஓட்டுநரைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக மேலதிகாரி அறைக்கு நடந்தார். ஓட்டுநர் பின்னாலேயே ஓடினார்.

அங்கே உட்பிரிவும் இருந்தார்.

"கம்ப்ரஸரைக் கழட்டிட்டா மறுபடி ஜீப் ஆயிடுமில்ல சார்?" என்று கேட்டார் ஓட்டுநர். "நாலு போல்ட்டுதான். பத்து நிமிஷ வேலை."

"ஒப்புதல் பெற்று நிறுவினதைக் கழட்டணும்னா குழு போடணும்" என்றார் உட்பிரிவு. "மூணு பேர் கொண்ட குழு. அதுல ஒருத்தர் வெளியூர்ல இருக்கணும்."

"சார், இன்னிக்கு விட்டா பதினோரு பிள்ளைங்களுக்கும் முதல்லேர்ந்து" என்றார் நர்ஸம்மா. "ஏன் போடலைன்னு அறிக்கையில ஒரு கட்டம் இருக்கு. அறை நகராதுன்னு எழுதட்டுமா?"

மேலதிகாரி நெளிந்தார்.

"இல்லைன்னா உங்க வண்டி இருக்கே சார். கூடாரம், மண்வெட்டி, கம்ப்ரஸர் எல்லாம் இருக்கு. மணல்ல போகாதா?"

கடைசிக் கேள்வியை நர்ஸம்மா மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் மேலதிகாரிக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

"போகாதாவா? என் வண்டியா?"

"சார் வண்டியிலயும் கம்ப்ரஸர் இருக்கே," ஓட்டுநர் உட்பிரிவின் பக்கம் திரும்பினார், "அதுவும் அறைதானே சார்?"

உட்பிரிவு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அது யார்கிட்டயும் அனுமதி வாங்காம மாட்டினது. அனுமதி வாங்கின இயந்திரத்துக்குத்தான் விதி. வாங்காததுக்கு எந்த விதியும் கிடையாது."

இதைவிடத் தெளிவாக அந்தச் சட்டத்தை யாரும் விளக்கியதில்லை.

மேலதிகாரி பயணம் போனால் குறிப்பெடுக்க ஒருவர் போயாக வேண்டும் என்பதால் உட்பிரிவும் ஏறிக்கொண்டார். ஓட்டுநர் அறையைப் பூட்டிவிட்டு வந்து, உட்பிரிவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நர்ஸம்மா, அறையைப் பூட்டுவதற்கு முன்பே அதற்குள்ளிருந்த கால் பம்பை யாரையும் கேட்காமல் எடுத்து, பெட்டியோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டியை மேலதிகாரியே ஓட்டினார்.

தார் ரோடு முடிந்தது.

"சார், இங்க நிறுத்திக் காத்தை இறக்கணும்" என்றார் ஓட்டுநர்.

"இறக்கறதாவது! இது காத்து அடிக்கிற வண்டிய்யா" என்று மேலதிகாரி வேகத்தைக் கூட்டினார்.

நானூறு அடி போனார்கள். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, வயிறுவரை மணலில் உட்கார்ந்தது. மண்வெட்டியை எடுக்கப் போனபோது, அது ஒரே வார்ப்பாகப் பக்கவாட்டில் ஒட்டப்பட்ட அலங்காரம் என்று தெரியவந்தது. ஓட்டுநர் மண்டியிட்டு, நாலு டயரிலும் காற்றைப் பாதியாக இறக்கினார். கையாலேயே மணலை வாரி வழி செய்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவர் நகரச் சொல்லிக் கேட்கவில்லை, மேலதிகாரியே நகர்ந்துகொண்டார். வண்டி தண்ணீரில் போகிற மாதிரி போனது.

மணல் முடிந்து கல் ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தினார்கள். வெப்பமானி ஆறரை.

மேலதிகாரி முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. "இப்பப் பாருங்க" என்று பானெட்டைத் திறந்தார். டர்ர்ர்ர். ஓட்டுநர் சிவப்பு ஹோஸின் நுனியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். நுனியில் இருந்தது துகள் ஊதுகிற கூர்மூக்கு.

"சார், டயர்ல மாட்டுற வாய் எங்க?"

"அது அட்டைப்பெட்டியோட வீட்டுல இருக்கு." மேலதிகாரி குரல் தணிந்தது. "இதுவரைக்கும் அதுக்குத் தேவை வரலை."

நர்ஸம்மா கால் பம்பைத் தூக்கி ஓட்டுநர் முன்னால் வைத்தார்.

முதல் டயரைப் பாதி மிதித்ததும் ஓட்டுநரின் முட்டி மடங்க மறுத்தது. நர்ஸம்மா ஏறி மிதித்தார். அவருக்கு மூச்சு வாங்கியபோது வெப்பமானி ஏழில் நின்றது.

"சார், இது ஏழு. எட்டானா அந்தக் கட்டத்துல உங்க பேர்தான்."

மேலதிகாரி கோட்டைக் கழற்றி உட்பிரிவிடம் கொடுத்தார். உட்பிரிவு அதைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தானும் வரிசையில் நின்றார். அவர் மிதிக்கும்போது எண்ணிக்கொண்டே மிதித்தார். நூறுக்கு மேல் எண்ண மூச்சு இல்லாமல் போனது. மேலதிகாரியின் புதுச் செருப்பு வார் அறுந்தது, வெறுங்காலோடு மிதித்தார். நாலு பேர் ஓயாமல் மாற்றி மாற்றி மிதித்ததில் இருபத்தாறு நிமிஷத்தில் நாலு டயரும் முப்பத்தைந்து. அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே நாலு பேர் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்து முடித்தது அன்றுதான்.

குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது வெப்பமானி ஏழரை.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பதினோரு குழந்தைகளும் இருந்தார்கள். நர்ஸம்மா ஊசியை ஆரம்பித்தார். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும் செய்கிற மாதிரி, பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேலதிகாரி தூணில் சாய்ந்து கால் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

எட்டாவது குழந்தையை மடியில் வைத்திருந்தவள் அதன் அத்தை. உப்பளத்தின் டிராக்டரை ஓட்டுகிறவள். குழந்தை வீறிட்டு அழுது ஓய்ந்ததும் அவள் கேட்டாள்:

"அண்ணே, இன்னிக்கு ஏன் நாலு பேர் மிதிச்சீங்க? எப்பவும் நீங்க ஒருத்தர்தானே மிதிப்பீங்க?"

"நீ எங்கம்மா பார்த்தே?"

"செவ்வாய்க்கிழமை தவறாம தார் ரோட்டு முனைக்கு டிராக்டர்ல போய்த் தண்ணி எடுத்துட்டு வருவேனே. காலையில அந்த முனையில நிப்பேன். உங்களைத் தாண்டித்தான் திரும்பி வருவேன். நான் கையாட்டுவேன், நீங்களும் மிதிச்சுக்கிட்டே கையாட்டுவீங்க. இன்னிக்குத்தான் யாரும் நிமிர்ந்தே பார்க்கல."

ஓட்டுநருக்கு ஞாபகம் இருந்தது. கையாட்டியிருக்கிறார். பல வருஷமாக.

"டிராக்டர்ல கம்ப்ரஸர் இருக்காம்மா?" என்று கேட்டார் மேலதிகாரி.

"அதுக்கு எதுக்கு சார்? அது மணல்லயும் போகும், கல்லுலயும் போகும். காத்தையே தொட வேண்டாம். முக்கால் மணியில இங்க வந்துடுவேன்."

உட்பிரிவு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். எழுதவில்லை.

"அப்படின்னா, சிஸ்டரையும் பெட்டியையும் நீங்களே ஏத்திக்கிட்டு வந்திருக்கலாமே! ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்றார் மேலதிகாரி.

"யாரும் கேக்கலையே சார்." அவள் குழந்தையின் சட்டையைச் சரி செய்தாள். "அதோட, அரசாங்கக் காத்து. அதை நீங்கதான் மிதிக்கணும்னு ஏதாவது விதி இருக்கும்னு நெனச்சோம்."

உட்பிரிவு அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று ஒரு கணம் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. மேலதிகாரி தூரத்தில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். கூடாரமும் கறுப்புக் குழாயுமாக, போருக்குப் போய் வழி மறந்த மாதிரி அது நின்றது. நர்ஸம்மா ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநரும் நர்ஸம்மாவைப் பார்த்தார். அவர்களும்தான் ஒருநாள்கூட அவளிடம் கேட்டதில்லை. மனு எழுதத் தோன்றியிருக்கிறது. கேட்கத் தோன்றவில்லை.

"இன்னும் மூணு பேர்" என்றார் நர்ஸம்மா, மெல்ல.

ஓட்டுநர் மடியில் கிடந்த பஞ்சை எடுத்து, மறுபடியும் சின்னச் சின்ன உருண்டையாகப் பிய்க்க ஆரம்பித்தார்.